அம்மாவுக்கு வைத்த சீல்

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். தூத்துக்குடியை ஒட்டிய மாப்பிள்ளையூரணியில் அப்போது நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் குளியலறை. உள்ளே, தலை நிறைய ஷாம்பு நுரையோடு நான். இப்படி ஆரம்பித்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் இப்போது வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

வீட்டில் நாங்கள் நாலு பேர். நான், என் வீட்டுக்காரர், எல்.கே.ஜி. படிக்கும் நாலு வயது மகன், ஒன்பது மாத மகள். என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை. கப்பலுக்குப் போகிற கண்டெய்னரில் சரக்கு ஏற்றியதும் கதவைச் சாத்தி, சீல் போட்டு, சீல் நம்பரை எழுதிக்கொள்வது அவர் பொறுப்பு. அந்த சீலை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தடிமனான ஓர் ஆணி, அதற்கு ஒரு தொப்பி. ஆணியைக் கொண்டியின் வளையத்துக்குள் விட்டு, தொப்பியை வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் 'டக்'கென்று சத்தம் வரும். அவ்வளவுதான். அதற்குச் சாவி கிடையாது. நீளக் கைப்பிடி வைத்த கட்டரால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

மற்ற வீட்டு அப்பாக்கள் சாயங்காலம் பிள்ளைக்கு மிக்சரோ மக்ரூனோ வாங்கி வருவார்கள். இவர் வெட்டிப்போட்ட சீல் துண்டுகளைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வருவார். எங்கள் வீட்டில் பொம்மை கார் குறைவு, மஞ்சள் தொப்பிகள் அதிகம். அப்பாவுக்கும் மகனுக்கும் தினமும் ஒரே விளையாட்டு. பீரோதான் கண்டெய்னர், வாசல் கதவு கேட், இவன் ஆபீசர். "உள்ள என்ன சரக்கு? எந்த ஊருக்குப் போவுது?" என்று இவன் மிரட்டுவான். "உப்பு சார், சிங்கப்பூருக்கு சார்" என்று அவர் கைகட்டி நிற்பார். நான் ராத்திரிச் சமையலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது இந்தக் கூத்து நடக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வாரம் அவர் வெட்டாத முழு சீல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். நம்பர் சரியாக அச்சாகவில்லை என்று யார்டில் ஒதுக்கிப் போட்டதாம். மகனுக்கு எப்படிப் போடுவது என்று காட்டிவிட்டு, அழுத்தாமல், டிவி ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மனுஷன் பத்து வருஷமாக அந்த வேலை பார்க்கிறார். வீட்டில் நாலு வயதுப் பிள்ளை இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

கைக்குழந்தை வைத்திருக்கிற பெண்களுக்குத் தெரியும், குளியல் என்பது பிள்ளை தூங்கும்போது ஓடிப்போய் ஓடிவருகிற காரியம். அன்றைக்கு மகள் தொட்டில் வேண்டாமென்று ஹாலில் பாயிலேயே தூங்கிவிட்டாள். சுற்றிலும் தலையணையை அடுக்கினேன். வாசல் கதவுக்குக் கீழ்த்தாழ்ப்பாளைப் போட்டேன். மகனிடம், "பாப்பாவ எழுப்பாம விளையாடணும் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, அடுப்படிக்குப் பின்னால் இருக்கும் குளியலறைக்குள் போனேன்.

அந்தக் குளியலறைக்குத் தகரக் கதவு. கடல் காற்றுக்கு அடிப்பக்கம் துருப்பிடித்து உதிர்ந்து, தரைக்கும் கதவுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்தது. சொல்லிச் சொல்லியும் வீட்டு ஓனரம்மா மாற்றித் தரவில்லை. பிறகு அந்த ஓட்டைக்குத்தான் நான் நன்றி சொல்ல வேண்டியிருந்தது.

ஷாம்பு போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். வெளியே பிளாஸ்டிக் ஸ்டூலை இழுக்கிற சத்தம். விளையாடுகிறான் என்று விட்டுவிட்டேன். அடுத்து, கொண்டி மாட்டுகிற சத்தம். அதற்கும் நான் அசையவில்லை, வெளியே வந்து இரண்டு சாத்து சாத்தலாம் என்று நினைத்துக்கொண்டேன். அதன்பிறகு கேட்டது அந்த 'டக்'.

அவசர அவசரமாகத் தண்ணீரை ஊற்றி, நைட்டியை மாட்டிக்கொண்டு கதவைத் தள்ளினேன். அசையவில்லை. "ஏலே, என்னலே செஞ்ச? தொறலே!" என்று கத்தினேன். "தொற முடியாது. சீல் போட்டாச்சு" என்றது அவன் குரல். எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவில் ஓங்கி ஓங்கி அடித்தேன். "வெளிய வந்தேன், தோலை உரிச்சிருவேன் பாத்துக்கோ!" என்றேன். ஸ்டூல் கவிழ்கிற சத்தம் கேட்டது. குட்டிப் பாதங்கள் தடதடவென்று ஓடின.

என் குரலுக்கு இன்னொருத்தியும் எழுந்துவிட்டாள். ஹாலில் மகள் அழுதாள். "பாப்பாவப் பாருலே!" என்று மறுபடி கத்தினேன். அவன் வரவில்லை. நான் கோபமாக இருந்தால் அவன் எங்கே போவான் என்று எனக்குத் தெரியும். கட்டிலுக்கு அடியில், சுவரை ஒட்டி, காதைப் பொத்திக்கொண்டு கிடப்பான். அங்கிருந்து அவனை இழுத்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். இழுக்கிறவள் இங்கே குளியலறையில் நிற்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுப் பார்த்தேன். அவர் மீன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டார் என்று கத்தி முடித்த பிறகுதான் நினைவு வந்தது. மறுபக்கத்து வீடும் பூட்டிக் கிடந்தது. ஆடிக் காற்று வேறு ஊளையிட்டது. ஜன்னல் என்று பார்த்தால் ஒரு பூனை நுழையலாம், நான் நுழைய முடியாது.

திடீரென்று மகள் அழுகையை நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் அவள் சிரிப்பு கேட்டது. அந்தச் சிரிப்பு ஹாலிலிருந்து வரவில்லை, இன்னும் தூரத்திலிருந்து வந்தது. அதோடு சேர்ந்து, ரோட்டில் போகிற லாரியின் சத்தமும் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது. வாசல் கதவு திறந்திருந்தால்தான் அப்படிக் கேட்கும்.

எங்களுடையது ரோட்டைப் பார்த்த வீடு. வாசலில் மூன்று படி. மூன்றாவது படியிலிருந்து கை நீட்டினால் ரோடு. ஹார்பருக்குப் போகிற வண்டிகள் விடிந்ததிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். கீழ்த்தாழ்ப்பாள் மகனுக்கு எட்டும். விளையாட்டில் அதுதானே கேட், அதைத் திறந்து வைத்துவிட்டுத்தான் ஆபீசர் சீல் போட வந்திருக்கிறார். மகள் அந்த மாதம்தான் தவழக் கற்றிருந்தாள். கற்ற வித்தையை இரவு பகல் பாராமல் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஐயோ தெய்வமே என்று நான் ஈரத் தரையில் அப்படியே படுத்துவிட்டேன். கதவின் அடியில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். அடுப்படித் தரை தெரிந்தது, கவிழ்ந்த ஸ்டூல் தெரிந்தது, யாரும் தெரியவில்லை. தொண்டை வரைக்கும் கத்தல் வந்துவிட்டது. கத்தினால் அவன் வர மாட்டான். அவன் வராவிட்டால் அவளைத் தடுக்க ஆளில்லை. என் வாழ்க்கையில் வாயை மூடிக்கொண்டு நான் யோசித்த சமயங்கள் குறைவு. அது ஒன்று.

அப்போதுதான், பற்றிக்கொண்டு வரும் என்று சொன்னேனே, அந்த விளையாட்டு ஞாபகம் வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆபீசர் சார்" என்று கூப்பிட்டேன். கதவை விரலால் மெதுவாகத் தட்டினேன். "ஆபீசர் சார், இங்கன ஒரு கண்டெய்னர் நிக்குது. நம்பர் எழுத ஆள் கெடையாதா?" என்றேன்.

அப்புறம் ரொம்பத் தூரத்திலிருந்து, "யாரு பேசுதா?" என்றது.

"கண்டெய்னர்தான் சார் பேசுதேன்."

"கண்டெய்னர் பேசாது."

"இது பேசும் சார். புதுசா வந்திருக்கு."

பொடிப் பாதங்கள் மெதுவாக வந்தன. அடுப்படி வாசலில் நின்றன. எனக்கு அந்தப் பத்து விரல்களும் தெரிந்தன. எக்கிப் பிடித்துவிடலாம் போல இருந்தது.

"உள்ள என்ன சரக்கு?" என்றான். குரலில் பழைய மிரட்டல் கொஞ்சம் திரும்பியிருந்தது.

"ஒரு அம்மா சார்."

"எந்த ஊருக்குப் போவுது?"

அப்பாவும் மகனும் விளையாடும்போது என்ன சொல்வார்களோ அதையே நானும் சொல்லிவைத்தேன். "சிங்கப்பூருக்கு சார்" என்றேன்.

அந்தப் பாதங்கள் அப்படியே நின்றன. ஒரு விசும்பல் கேட்டது. "போவக் கூடாது" என்றான். "அதுக்குத்தான சீல் போட்டிருக்கேன். சிங்கப்பூருக்கும் போவக் கூடாது, ஏரலுக்கும் போவக் கூடாது."

ஏரல் நான் பிறந்த ஊர். அவன் அதைச் சொன்னதும் காலையில் நடந்தது மொத்தமும் கண்முன்னே வந்து நின்றது. எட்டு மணிக்குத் தோசை மாவுச் சட்டியைத் தூக்கப் போய்க் கவிழ்த்துவிட்டான். ராத்திரி முழுக்க மகள் தூங்கவிடவில்லை, வீட்டுக்காரர் சீக்கிரமே கிளம்பிவிட்டார், தரையெல்லாம் மாவு. நான் ஆடித் தீர்த்துவிட்டேன். "உங்ககூட மாரடிக்க என்னால முடியாது. நான் ஏரலுக்குப் போயிருதேன். நீயும் உங்கப்பாவும் பாப்பாவ வச்சுக்கிட்டு இருங்க" என்று சொன்னேன். சும்மா சொல்லவில்லை. பயப்படட்டும் என்று இரண்டு சேலையை எடுத்து ஒரு பையில் திணித்து, அவன் பார்க்கும்படி ஹாலில் வைத்தேன். பிறகு மாவைத் துடைத்தேன், மறந்துவிட்டேன். பை ஹாலிலேயே இருந்தது. நான் குளிக்கப் போனதைப் பார்த்ததும், ஊருக்குக் கிளம்பத்தான் குளிக்கிறேன் என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறது.

சீல் போட்டால் உள்ளே இருப்பது எங்கேயும் போகாது, பத்திரமாக இருக்கும் என்று அவனுக்கு அவன் அப்பா சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

அழ நேரமில்லை. "எங்கயும் போகல ராசா. அம்மா இங்கனதான் இருக்கேன். பாப்பா எங்க மக்கா?" என்றேன்.

பாதங்கள் ஹால் பக்கம் போய்த் திரும்பி வந்தன. "பாப்பா வாசல்ல இருக்கா. படிகிட்ட."

ஓடிப்போய்ப் பிடி என்று சொல்ல வாயெடுத்தேன். ஓடினால் அண்ணன் விளையாட வருகிறான் என்று அவள் இன்னும் வேகமாகத் தவழ்வாள். இவன் இழுத்தால் இரண்டு பேரும் சேர்ந்து உருளுவார்கள். "ஓடாத. மெதுவாப் போ. அவளை நம்ம கண்டெய்னர்கிட்ட கூட்டிட்டு வரணும், முடியுமா ஆபீசர்?" என்றேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

அவனுக்குத் தெரிந்திருந்தது. லாரியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் கை தட்டிச் சொல்வதை அவன் தினமும் வாசலில் நின்று பார்க்கிறவன். வாசல் பக்கமிருந்து அவன் குரல் வந்தது. "வரட்டும், வரட்டும், வரட்டும்... ரைட்ல ஒடி... வரட்டும், வரட்டும்." ஒவ்வொன்றுக்கும் ஒரு கைதட்டல். இடையிலே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவன் குரல் நின்றது. நான் நெற்றியைத் தரையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். என்னென்ன சாமிக்கு என்னென்ன நேர்ந்துகொண்டேன் என்பது எனக்கே தெரியாது.

மறுபடியும் "வரட்டும், வரட்டும்." இப்போது குரல் ஹாலில் இருந்தது. அதற்குப் பின்னாலேயே, தரையில் 'சப் சப்' என்று உள்ளங்கை அறைகிற சத்தம். என் மகள் அப்படித்தான் தவழ்வாள். சத்தம் நெருங்கி, நெருங்கி, அடுப்படிக்குள் வந்தது. பின்பக்கமாக நடந்து வருகிற இரண்டு குட்டிக் குதிகால்கள் முதலில் தெரிந்தன. அவற்றைத் துரத்திக்கொண்டு இரண்டு கொழுத்த கைகள். "ஹோல்டான்!" என்று லாரியை நிறுத்துகிற மாதிரி அவன் கத்தினான். நான் விரல்களைக் கதவுக்கு அடியில் விட்டேன். மகள் வந்து என் ஆட்காட்டி விரலைப் பிடித்தாள். அடுத்த நொடி கடித்தாள். மேல்வரிசையில் புதிதாக முளைத்த இரண்டு பல். அந்த வலியைப் போல ஒரு சுகத்தை நான் கண்டதில்லை.

அதன்பிறகு எல்லாம் சுலபம். ஆபீசர் போய் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தார். சார்ஜரில் தொங்கிய செல்போனைப் பிடுங்கிக் கதவுக்கு அடியில் தள்ளினார். நான் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "உங்க மவன் என்னைய பாத்ரூம்ல வச்சு சீல் போட்டுட்டான், கட்டரை எடுத்துட்டு வாங்க" என்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "எந்த சீல்? டிவி ஸ்டாண்டுல இருந்ததா?" என் பழைய குரல் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. யார்டில் நாலு பேருக்குக் கேட்டிருக்கும்.

அவர் வர அரை மணி நேரம் ஆனது. அதுவரை நான் உள்ளே படுத்துக் கிடக்க, அவர்கள் இரண்டு பேரும் வெளியே படுத்துக் கிடந்தார்கள். நாலு விரல் இடைவெளியில் மூன்று முகங்கள். அவன் எனக்கு முறுக்கை ஒடித்து ஒடித்து உள்ளே தள்ளினான். பசிக்கும் இல்லையா, சிங்கப்பூர் போகாத சரக்குக்கு? நான் அவனோடு அப்படி ஒரு அரை மணி நேரம் பேசி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் யார் பக்கத்தில் உட்காருகிறான், எந்த மிஸ்ஸைப் பார்த்தால் பயம், பாப்பாவுக்கு ஏன் இன்னும் பேசத் தெரியவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னான். எல்லாம் எனக்குத் தெரியாத விஷயங்கள்.

வீட்டுக்காரர் ஆரஞ்சு கோட்டும் ஹெல்மெட்டுமாக, பைக்கில் சாக்குப்பைக்குள் சுற்றிய கட்டரோடு வந்து சேர்ந்தார். கட்டரை வெளியே கொண்டுபோக யார்டு கேட்டில் விடமாட்டார்களாம். காரணத்தைச் சொன்னதும் வாட்ச்மேன் அண்ணாச்சி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வழிவிட்டிருக்கிறார். "ஏளா, உள்ள இருக்கியா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். வேறு எங்கே இருப்பேன்?

வெட்டப் போகும்போது மகன் குறுக்கே வந்து நின்றான். "நம்பர் பாக்கணும்ப்பா" என்றான். அச்சாகாத நம்பரை அவர் ஏதோ வாய்க்கு வந்தபடி வாசித்துவிட்டு வெட்டினார். கதவு திறந்தது. நான் அவனைத் தூக்கக் கையை நீட்டினேன். அவன் என்னிடம் வரவில்லை. விருட்டென்று ஹாலுக்கு ஓடினான். சேலைப் பையைத் தரதரவென்று இழுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். பிறகு வாசல் கதவில் முதுகை ஒட்டி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். சீலை வெட்டிவிட்டார்கள், இனி சரக்கு கிளம்பிவிடும். அவனுக்குத் தெரிந்த கணக்கு அதுதானே.

"இன்னும் கேட் விளையாட்டு முடியலியா மக்கா?" என்று அவர் சிரித்தார். நான் ஈரத் தலையோடு போய் அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அவன் கையை இறக்கவில்லை. நான் அழுதேன். பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து, அவர் துண்டை எடுத்து என் தலையைத் துவட்டிவிட்டார். பாவம், அன்றைக்கு முழுக்கத் தன்னைத்தான் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டு மீனும் வாங்கி வந்து, அவரே குழம்பும் வைத்தார்.

அதற்குப் பிறகு பல நாள், நான் குளிக்கும்போதெல்லாம் வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பான். நிமிஷத்துக்கு ஒரு தரம் "எம்மா, இருக்கியா?" என்பான். "இருக்கேன்" என்பேன். எத்தனை தடவை கேட்டாலும் சொல்வேன். எப்போது கேட்பதை நிறுத்தினான் என்று நினைவில்லை. இப்போது ஒண்ணாம் வகுப்புக்கு வந்துவிட்டான், அந்த நாள் அவனுக்கு ஞாபகம்கூட இல்லை.

எங்கள் சொந்தக்காரர்கள் கூடுகிற கல்யாண வீடு, சடங்கு வீடு எதிலும் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்கள். மகன் அம்மாவுக்கு சீல் வைத்த கதை. என் வீட்டுக்காரர் நடித்தே காட்டுவார். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் ஒருத்தர்கூட இதுவரை, அவன் எதற்காக சீல் வைத்தான் என்று கேட்டதில்லை. நானாகவும் சொன்னதில்லை. கட்டிய புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவருக்கே தெரியப்போகிறது.

எனக்குக் கோபம் குறைந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இன்றைக்குக் காலையிலும் கத்திவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் எவ்வளவு ஆத்திரத்திலும் "போயிருதேன்" என்ற அந்த ஒரு சொல் மட்டும் என் வாயில் வருவதில்லை. நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு மாவைத் துடைக்கப் போன அந்த நேரத்தில், ஒரு நாலு வயசுப் பிள்ளை தன் அம்மாவைத் தக்கவைத்துக்கொள்ள வழி தேடி வீடெல்லாம் அலைந்திருக்கிறான் என்பதை என்னால் மறக்கவே முடியவில்லை.